மட்டாஞ்சேரி: சராசரிக்குள் மறைந்த நிலம்

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு கொச்சிக்கு வந்தார் மா ஹுவான் என்ற மொழிபெயர்ப்பாளர். தான் பார்த்த நாடுகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் கொச்சிக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம், மழை எத்தனை மாதம், மக்கள் எத்தனை வகை, என்ன விளைகிறது, எந்தக் காசு புழங்குகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இன்று ஒரு நாட்டைப் பற்றி விவரக்குறிப்பு எழுதுகிறவர்களின் வரிசையும் ஏறத்தாழ இதுதான்.

மக்களை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்: அரசரோடு சேர்ந்த மேல்வகுப்பார், முஸ்லிம்கள், பணம் படைத்த செட்டிகள், தரகு பார்க்கும் கேலிங்குகள், கடைசியில் முக்குவர். முக்குவரின் குடிசை குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எழக் கூடாது என்ற விதியையும் அவர் விடாமல் எழுதிவைக்கிறார். மிளகை வாங்கிக் கிடங்கில் அடுக்கி, வெளிநாட்டு வணிகருக்காகக் காத்திருக்கும் பெரும் வியாபாரிகளும் அந்தப் பகுதியில் வருகிறார்கள். ஐந்தில் இரண்டு வகையார், செட்டிகளும் கேலிங்குகளும், கிழக்குக் கரையோடு தொடர்புடையவர்கள். கொச்சியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்றிலேயே நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள்.

அறுநூறு ஆண்டு கழித்து இதே ஊருக்கு ஒரு விவரக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் என்ன கிடைக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எர்ணாகுளம் மாவட்டத்தின் மக்கள்தொகை 32,82,388. சதுர கிலோமீட்டருக்கு 1,072 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,027 பெண்கள். எழுத்தறிவு 95.89 விழுக்காடு. தனிநபர் வருமானத்தில் கேரளத்தின் முதல் மாவட்டம். கொச்சி மாநகராட்சியின் பரப்பு 94.88 சதுர கிலோமீட்டர், அதில் சுமார் 6 லட்சம் பேர். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் கல்வத்திக் கால்வாய் ஓரத்தில், ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீட்டு வாசலில் நின்று இந்த எண்களைப் படித்தால், இது வேறு ஏதோ ஊரைப் பற்றிய குறிப்பு என்றுதான் தோன்றும். மட்டாஞ்சேரி என்ற பழைய நகரம் இன்று மாநகராட்சியின் சில வார்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதற்கென்று தனி வரி எந்த அட்டவணையிலும் இல்லை. அந்த வரியை எழுத முடியுமா, எழுதினால் அதில் என்னென்ன வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நிலத்திலிருந்து தொடங்குவோம். மேற்கே அரபிக் கடல், கிழக்கே உப்பங்கழி, வடக்கே கப்பல்கள் நுழையும் அழிமுகம். தெற்கே பள்ளுருத்தி வழியாகச் செல்லானம் வரை நீளும் மணற்பட்டை. இந்தப் பட்டையின் வடக்கு முனையில், கடலைப் பார்த்து ஃபோர்ட் கொச்சியும் கழியைப் பார்த்து மட்டாஞ்சேரியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் அழிமுகத்தை அகலப்படுத்தியது என்று சொல்லப்படுகிறது. கொச்சங்ஙாடியில் இருந்த பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆறு துறையை மாற்றியதும் வணிகர் குடி மாறியிருக்கிறார்கள்.

கடல்மட்டத்தை ஒட்டிய நிலம். வேலியேற்றத்தில் கழி நீர் கால்வாய்களின் வழியே பின்னோக்கி ஏறி வீட்டு வாசலுக்கு வரும். மழைக்காலத்தில் மழையும் ஏற்றமும் ஒன்றாக வந்தால் சாக்கடை எது, கால்வாய் எது என்று தெரியாது. ராமேஸ்வரம் என்றே பெயர் கொண்ட ஒரு கால்வாயும் கல்வத்திக் கால்வாயும் இந்த ஊரின் கழிவையெல்லாம் சுமக்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணறு தோண்டினால் உவர். ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் நிரப்பிக் கொண்டுவந்து விற்ற காலம் உண்டு. இந்தக் கரையில் யானைக்கால் நோய் பரவியிருந்ததால் வெள்ளைக்கார மருத்துவர்கள் அதைக் ‘கொச்சிக் கால்’ என்றே அழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலுவாவை அடுத்த சொவ்வரயிலிருந்து குழாய் வந்தது. இன்றும் மேற்குக் கொச்சி வெளியிலிருந்து குழாயில் வரும் ஆற்று நீரை நம்பித்தான் இருக்கிறது. எங்காவது மோட்டார் பழுதானால், குழாய் வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் வறளும். ‘சராசரி ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர்’ என்ற வரியில் இந்தத் தாகம் பதிவாகாது.

அடுத்தது எல்லை. நாடுகளைப் பற்றிய குறிப்புகளில் ‘எல்லை நாடுகள்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். மட்டாஞ்சேரிக்கும் நீண்ட காலம் ஓர் அயல்நாட்டு எல்லை இருந்தது, அதுவும் நடந்து கடக்கும் தூரத்தில். போர்ச்சுகீசியர் 1503இல் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. அதன் பிறகு ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மண்ணானது. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு துண்டு. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். ஒரு தெரு திரும்பினால் சட்டமும் நீதிமன்றமும் வேறு. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அப்போதும் ஃபோர்ட் கொச்சி சென்னை மாநிலத்திலேயே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோதுதான் இரண்டும் ஒரே அரசின் கீழ் வந்தன. நம் சென்னைக் கோட்டையிலிருந்து அந்தக் கடற்கரையை ஆண்டிருக்கிறார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1967 நவம்பர் 1இல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும் வேறு சில ஊர்களும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின.

அந்த நாளோடு மட்டாஞ்சேரியின் தனிக் கணக்கு முடிந்தது. அதற்கு முன்பு எழுதியவர்கள் இந்த ஊரைப் பிரித்தே பார்த்தார்கள். 1816க்கும் 1820க்கும் இடையே திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் என்ற படை அதிகாரிகள், கொச்சியில் மருத்துவராக இருந்து 1863இல் நூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1911இல் கொச்சி சமஸ்தானக் கையேட்டைத் தொகுத்த சி. அச்சுத மேனன், கொச்சியின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் என்று ஒரு நீண்ட வரிசை. அவர்களுடைய பார்வையில் குறைகள் நிறைய. மனிதரை வகைகளாக அடுக்கும் ஆட்சியாளரின் கண் அது. ஆனாலும் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வேறுபாடு எழுதத் தக்கது என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது.

மக்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் அந்த வேறுபாட்டின் அருமை தெரியும். அரண்மனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டி அரசருக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. அதன் மதிலை ஒட்டி 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம். தரையில் சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த ஓடுகள், 1760இல் எசக்கியேல் ரஹபி கட்டிய மணிக்கூண்டு. உள்ளே பாதுகாக்கப்படும் செப்பேடுகள் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் அளித்தவை. அவை வட்டெழுத்தில் இருக்கின்றன. யூதரின் உரிமை ஆவணம் நம் எழுத்துமுறையின் பழைய உறவில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கும் செய்தி.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொங்கணித் தெருக்கள். 16ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த கௌட சாரஸ்வதர்கள் எழுப்பிய திருமலை தேவஸ்வம் கோயில். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்ற மூலிகைப் பெருநூலுக்கு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி மருத்துவர்கள் உதவினார்கள். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் அறிவும் அதற்கு அடித்தளம். கொங்கணிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 1992இல் இடம் கிடைத்ததற்குப் பின்னால், மட்டாஞ்சேரிக்காரர் என். புருஷோத்தம மல்லையா பல பத்தாண்டுகள் நடத்திய உழைப்பும் இருக்கிறது.

குஜராத்தி ரோட்டில் குஜராத்திகளின் பள்ளிக்கூடம், சமண ஆலயம். பக்கத்தில் கட்ச்சிலிருந்து வந்த மேமன்கள். வீட்டில் உருது பேசும் தக்னி முஸ்லிம்கள். கொச்சிக்காரர்கள் இன்றும் உருகிக் கேட்கும் பாடகர் மெஹபூப் அந்தச் சமூகத்தவர். மாப்பிளா முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ இந்தியர், குடும்பி, துளு பிராமணர், மராட்டியர், தெலுங்குச் செட்டிகள். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூனன் குரிசின் கயிற்றைப் பிடித்து, ஏசு சபைப் பாதிரிமாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சபதம் செய்த தோமா கிறிஸ்தவர்களின் நினைவிடமும் இங்கேதான். சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்வதாக எழுதுவது வழக்கம். எண்ணைவிட, அவை ஒன்றையொன்று விழுங்காமல் நின்றதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழர்களுக்கு வருகிறேன். சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் மரைக்காயர்கள். மிளகு விளைந்த நாட்டில் நெல் போதவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரே சோற்றுக்கு இவர்களைத்தான் நம்பியிருந்தார்கள். நயினாமார் என்ற வணிகக் குடும்பங்கள் தங்கள் வேரைக் காயல்பட்டினத்தில் காட்டுகிறார்கள். மட்டாஞ்சேரியின் பழைய செம்பிட்டப் பள்ளிவாசலோடு அவர்கள் பெயர் பிணைந்திருக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற இடத்தில் உள்ள தோபிக்கானாவில் துவைக்கும் வண்ணார் குடும்பங்கள், காலனிப் படைவீரர்களின் சீருடை வெளுக்க நம் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இன்றைய துவைதுறைக் கட்டடம் 1970களில் வந்தது. பாண்டிக்குடி என்ற பகுதியின் பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது நிமிரும். 2011 கணக்கில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம். அந்த எண்ணில் பெரும் பங்கு பாலக்காடும் இடுக்கியும். காயலிலிருந்து போய் இன்று மலையாளமே பேசும் நயினாமார் அந்த எண்ணுக்குள் வர மாட்டார்கள்.

இங்கேதான் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பத்தி தடுமாறுகிறது. கட்ச்சி என்று ஒருவர் சொன்னால், தொகுக்கும்போது அது சிந்தி என்ற தலைப்புக்குள் போய்விடும். நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழி அட்டவணையில் பெயரே இல்லாமல் ‘பிற’ ஆகிவிடும். மலையாளத்தில் எபிரேயச் சொற்கள் கலந்து பாடிய யூதப் பெண்களின் பாட்டு வெறும் மலையாளம். ஒரு நாட்டுக்கு இந்தச் சுருக்கம் வேண்டியதுதான், இல்லாவிட்டால் அட்டவணை முடிவே பெறாது. மட்டாஞ்சேரி அளவுள்ள ஊருக்கு அதே சுருக்கத்தைப் போட்டால் ஊரே அழிந்துபோகிறது.

போனவர்களையும் எந்தக் கணக்கும் சொல்வதில்லை. இஸ்ரேல் உருவான காலத்தில் கொச்சிப் பகுதி யூதர்கள் எல்லாப் பிரிவும் சேர்த்து சுமார் 2,500 பேர். 1950களில் பெரும்பாலோர் புறப்பட்டார்கள். 1968இல் தொழுகைக்கூடத்தின் 400ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அப்போதே தெருவில் பாதிக் கதவுகள் மூடியிருந்திருக்கும். கைத்தையல் கடை நடத்திய சாரா கோகன் 2019 ஆகஸ்டில் 96 வயதில் மறைந்தார். குவீனி ஹல்லேகுவா 2024 ஆகஸ்டில் போனார். தெருவின் பெயர் யூதத் தெரு, இன்று கடை வைத்திருப்பவர்களில் பலர் காஷ்மீரிகள். யாரும் விரட்டாமல் காலியான தெரு என்பதை ஊரின் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வதில் உண்மை உண்டு. என்றாலும் அந்தத் தெருவில் நடக்கும்போது நெஞ்சு கனக்காமல் இருப்பதில்லை.

பொருளாதாரம். மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மூக்கை வைத்தே சரக்கை அடையாளம் காணலாம்: சுக்கு, மிளகு, மஞ்சள், ஜாதிக்காய், இடையிடையே அரிசி மொத்தக் கடைகள். கழியை நோக்கி முதுகு திறந்த பாண்டிகசாலைகள். நாம் பண்டகசாலை என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் படகுக்கு. இந்த அமைப்பே ஒரு பொருளாதார வரைபடம்: மலையிலிருந்து வள்ளத்தில் வந்த சரக்கு, சலித்து, புடைத்து, தரம் பிரித்து, மீண்டும் படகில் ஏறிக் கப்பலுக்குப் போகும். முற்றத்தில் சுக்கைக் காயவைத்துத் தேய்த்துப் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கப்பல் எங்கே நின்றது என்பதுதான் இந்த ஊரின் விதியை எழுதியது. அழிமுகத்தில் குறுக்கே கிடந்த மணல்திட்டு காரணமாகப் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கு மட்டாஞ்சேரிப் படகுகளில் போய்வந்தது. 1920இல் சென்னை ஆளுநர் வெலிங்டன் காலத்தில் அனுப்பப்பட்ட பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டினார். வெட்டிய மண்ணைக் கொட்டியே வெலிங்டன் தீவை உருவாக்கினார். 1928இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமானது. பொறியியல் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் கப்பல் நிற்குமிடம் கழியைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது. 2011இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபோது இன்னும் அப்பால் நகர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் சில விரற்கடை தூரம். பஜார் ரோட்டின் பின்வாசல்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

துறைமுக வேலைக்கு ஆள் எடுத்த முறையை எந்தப் பொருளாதார அறிக்கையும் இப்படிச் சொல்லியிருக்காது: விடியலில் கூடிநிற்கும் கூட்டத்துக்குள் மூப்பன்மார் சாப்பா எனும் உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கு அன்று கூலி. கிடைக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆண்டணி என்ற மூன்று பெயர்களை இன்றும் கொச்சித் தொழிலாளர்கள் நினைவுகூர்கிறார்கள். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அது 2023இல் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படமாக வந்தது. சாப்பா முறை பின்னர் ஒழிந்தது. கிரேனும் கண்டெய்னரும் வந்தபிறகு அந்தத் தோள்களுக்கே வேலை குறைந்தது.

மிளகின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 1957இல் யூதத் தெருவில் தொடங்கிய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் உரக்கக் கூவி எதிர்கால விலை பேசினார்கள். அந்தக் குரலில் உருவான விலை இந்தியா முழுக்கச் செல்லுபடியானது. பிறகு கணினித் திரை வந்தது, தேசியச் சந்தைகள் வந்தன, தெருவுக்கு இருந்த பிடி தளர்ந்தது. உற்பத்தியிலும் காற்று மாறியது. உலகின் மிளகில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இன்று வியட்நாமிலிருந்து வருகிறது. இந்தியாவுக்குள் கர்நாடகம் கேரளத்தை முந்திவிட்டது. இலங்கையோடு 2000இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்தும் மிளகு வந்து குவிந்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச விலை வைத்தது. ஏலக்காய் ஏலம் புற்றடிக்கும் நம் போடிநாயக்கனூருக்கும் உரியது. மட்டாஞ்சேரி விலை சொல்லும் ஊராக இருந்தது, இப்போது விலை கேட்கும் ஊர்களில் ஒன்று.

2012 டிசம்பரை நான் இந்த ஊரின் பொருளாதார வரலாற்றில் ஒரு முக்கிய மாதமாகக் கருதுகிறேன். அந்த மாதம் கொச்சிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். அதே மாதம் 12ஆம் தேதி முதல் கொச்சி முசிரிஸ் பினாலே திறந்தது. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய கிடங்குகள் கலைக்கூடங்களாயின. அதன் பிறகு வந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது: பழம்பொருள் கடை, காபிக் கடை, விருந்தினர் விடுதி. பினாலேயை நான் மதிக்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் உலகக் கலைஞர்களோடு ஆணி அடித்து நின்றதை அது சாத்தியமாக்கியது. ஆனால் அது சில மாத வேலை. சுக்கு தேய்த்த பெண்ணுக்கு ஆண்டு முழுக்க வேலை இருந்தது. சுற்றுலா வருமானம் பஜார் ரோட்டின் முன்வாசலில் நின்றுவிடுகிறது, பின்னால் உள்ள காலனிகளுக்குப் போவதில்லை.

அந்தக் காலனிகளின் வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும்விட அவசரமானது. பாகம் பிரித்துப் பிரித்து, ஓர் அறை ஒரு குடும்பம் என்றான பழைய வீடுகள் இவை. புறம்போக்கில் கால்வாய் ஓரக் குடியிருப்புகளும் உண்டு. ராஜீவ் ஆவாஸ் யோஜனா திட்டத்தில் துருத்திப் பகுதிக்கு ஒப்புதல் கிடைத்தது 2013 வாக்கில். கிட்டத்தட்ட 400 குடும்பங்களுக்கான இரண்டு அடுக்குமாடிகள் கைக்கு வர 2025 ஆனது. மாவட்டத்தின் தனிநபர் வருமானத்தைப் பார்த்து நிதி பிரிக்கும் அதிகாரிக்கு இந்தத் தெரு கண்ணில் படாது. காக்கநாட்டின் ஐ.டி. சம்பளமும் மட்டாஞ்சேரியின் தினக்கூலியும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டன.

வார்டு அளவில் தலைக்கணக்கும் எழுத்தறிவும் வீட்டு வசதியும் கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கத்தான் செய்கின்றன. தாய்மொழியும் பிறந்த இடமும் அந்த அளவுக்கு இறங்கி வருவதில்லை. 1967க்கு முன்பிருந்த நகராட்சி எல்லையை வைத்து இன்றைய வார்டுகளை மீண்டும் சேர்த்து, ஃபோர்ட் கொச்சியோடும் எர்ணாகுளத்தோடும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுவது பல்கலைக்கழக மாணவர் ஒருவரால் ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலை. அதோடு மூன்று பத்திகள் சேர்க்க வேண்டும்: வீட்டுக்குள் பேசும் மொழி, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், இந்த வீட்டிலிருந்து யார் எங்கே போனார்கள்.

2027 கணக்கெடுப்பில் ஆள்கணக்கு பிப்ரவரியில் நடக்கவிருக்கிறது. கையில் செல்பேசிச் செயலியோடு ஓர் ஆசிரியை குஜராத்தி ரோட்டின் ஒரு மாடிப்படியில் ஏறுவார். தாய்மொழி என்ன என்று கேட்பார். மேமன் வீட்டுப் பாட்டி கட்ச்சி என்பார். அவர் சொன்னபடியே அந்தச் சொல் பதிவாகும். தொகுத்து அச்சிடும்போது அது பாட்டியின் தெருப் பெயரோடு சேர்ந்து வெளிவர வேண்டும் என்று கேட்க, இன்னும் நேரம் இருக்கிறது.